மேரிக்குக் கவாத்து

சந்துக்குள் திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது. மருமகள் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். ரோஸ்மேரி தானாக இவ்வளவு தூரம் மணக்கிற செடி இல்லை. அதன் சின்ன நீலப் பூவில் தேனீயை அழைக்கிற அளவுக்குத்தான் வாசம். ஊசி மாதிரியான இலையை உரசினால், கிள்ளினால், ஒடித்தால்தான் பிசின் வாடை கிளம்பும். அது தெருமுனைவரை வருகிறதென்றால் யாரோ நிறைய ஒடித்திருக்கிறார்கள்.

"ஆடு புகுந்துடுச்சு போல," என்றாள்.

"ஆடு இதைத் தொடாதுன்னு நீதானே சொல்லுவே," என்றான் கணவன். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கண்ணால் பார்க்காத பழுதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

அவளுடைய தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் காவலாக அவனுடைய அப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு இடிந்த மனை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மண்ணைவிட அதிகம். மிளகாய் போட்டாள், வரவில்லை. கீரை போட்டாள், முளைத்து மஞ்சளாகிப் படுத்தது. அப்போது அவள் ஓர் ஓட்டல் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கறிக்குப் போடக் கொண்டுவந்த ரோஸ்மேரியில் வாடியதைக் குப்பையில் தள்ளுவார்கள். அதில் நாலைந்து காம்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து மணலில் குத்தி வைத்தாள். தண்ணீர் நிற்காத, சத்தில்லாத, சுண்ணாம்பு கலந்த அந்தக் குப்பை மண்தான் அதற்குப் பிடித்திருந்தது. நாலு வருஷத்தில் சுவரிலிருந்து சுவர்வரை வரிசையாக இடுப்பளவுப் புதர். நறுக்குவதை விட்டுவிட்டாள். வாரம் இருமுறை நுனிகளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டுக் கட்டி, அதே ஓட்டலின் பின்வாசலில் இப்போது விற்பவளாகப் போய் நின்றாள். ஒரு சோப்புக்காரி மிச்சத்தை வாங்கிக்கொண்டாள்.

பின்கதவைத் திறந்தாள்.

புதர் எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே, நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில், பழுப்புக் கட்டைகள் நின்றன. ஒவ்வொரு கட்டையின் தலைமேலும் வெட்டிய கிளைகளைக் கவிழ்த்து மூடியிருந்தது. கட்டுக் கட்டி விற்க வேண்டிய நுனிகள் வெயிலில் சுருண்டு, கருத்து, கட்டைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தன.

மாமனார் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடப்பட்டவரின் கூச்சம் முகத்தில் இருந்தது.

"நேத்தே முடிச்சிட்டேன். பாவம்மா உன் செடிங்க. கிளை கண்டபடி ஏறிப்போச்சு. ஒரு தடவைகூட யாரும் கவாத்து பண்ணலபோல."

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கட்டைவரை வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. வெட்டிய தோட்டம் சுடுகாடு மாதிரி இருக்கும். பிறகு கட்டையெல்லாம் சிவப்புத் துளிர் வெடித்து, செடி பழைய வயசை மறந்துவிடும். மாமனார் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. அவர் வெட்டிய மட்டத்தில் தண்ணீர் டம்ளரை வைத்தால் ஆடாது என்று கங்காணிகள் சொல்வார்களாம். தோட்டத்தில் ஆயிரம் பேரில் அவர் ஒருவருக்குத்தான் 'கவாத்து' என்பதே பெயர். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு பெட்டியும் துணியில் சுற்றிய அந்த வளைகத்தியுமாக மகன் வீட்டுக்கு வந்தார்.

"அப்பா," என்றான் மகன். "எல்லாத்தையுமா?"

"பின்ன? பாதி வெட்டிப் பாதி விட்டா மட்டம் வருமா?"

மருமகள் முதல் கட்டையின் முன்னால் உட்கார்ந்தாள். அதன்மேல் கவிழ்த்திருந்த கிளைகளை எடுத்தாள். வெட்டு ஒரே இழுப்பில், சாய்வாக, பிசிறில்லாமல் இருந்தது. மழைத்தண்ணீர் வழிந்தோட அவ்வளவு சரியான சாய்வு. அதற்குக் கீழே ஒரு பச்சை இல்லை. வயசான பட்டைதான்.

அவள் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூடுமா," என்றார் மாமனார். "வெயில் பட்டா பட்டை வெடிக்கும்."

அவள் மூடினாள். அவர் சொன்னார் என்பதற்காக இல்லை. அதைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில், மாமனார் காதில் விழாத குரலில் கணவனிடம் சொன்னாள்: "இது பழைய கட்டைல துளிர்க்காத செடிங்க. பச்சை இருக்கிற இடம்வரைக்கும்தான் வெட்டணும். முதல் வருஷம் ஒரு செடியை நானே ஒரு பக்கமா ஒட்ட வெட்டிட்டேன். அந்தப் பக்கம் கடைசிவரைக்கும் மொட்டைதான்."

"அதை அவர்கிட்ட சொல்லு."

"உங்க அப்பா. நீங்க சொல்லுங்க."

"செடி உன்னோடது. எனக்கு அதுல என்ன தெரியும்? அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டா நான் முழிப்பேன்."

கடைசியில் அவள்தான் சொன்னாள், மறுநாள் காலையில், டீயைக் கொடுத்துவிட்டு. பால் சேர்க்காத டீயைத்தான் அவர் குடிப்பார். குடிப்பதற்கு முன் முகர்ந்து, "இது தூளா, தரையைக் கூட்டி அள்ளினதா?" என்று தினமும் கேட்பார். அன்றும் கேட்டார். அவள் உள்ளே போகாமல் நின்றதில் நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, அந்தச் செடி இனி வராது."

"எது?"

"வெட்டினது. ரோஸ்மேரி தேயிலை மாதிரி இல்ல மாமா. கட்டைல துளிர் விடற கண் இருக்காது."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மருத்துவர் பயந்த நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "எல்லாரும் இப்படித்தான் பயப்படுவாங்க. புதுசா வந்த துரைங்ககூட வெட்டினதைப் பாத்து, 'கொன்னுட்டியே'ன்னு கத்துவாங்க. நான் வெட்டி ஒரு செடி செத்ததில்லம்மா. வா, காட்டறேன்."

தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு கட்டையில் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உயிர் இருக்கு பாரு. உயிர் இருந்தா வந்துதானே ஆகணும்?"

அந்தப் பச்சையை அவளால் மறுக்க முடியவில்லை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. செத்துக் கிடந்திருந்தால் அழுதுவிட்டுப் பிடுங்கியிருப்பாள். இப்போது காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்தார்கள். வெயில் காலம் அது. பகலில் மனை கொதித்தது. மாமனார் விடிந்ததும் வரிசை வரிசையாகப் போய்க் குனிந்து பார்ப்பார், கட்டைக்கு ஒரு சுரண்டல். நாளாக ஆகக் கட்டைகளெல்லாம் நகத்தழும்பு. பிறகு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

"மாமா, இதுக்குத் தண்ணி ஆகாது. வேர் அழுகிடும்."

"கவாத்து பண்ணின செடிக்கு நாக்கு வறண்டு கிடக்கும்மா."

அவள் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாள். அவர் குடத்தில் சுமந்தார். குடத்தை மேலே பரணில் போட்டாள். குளிக்கும் வாளியோடு போனார். வீட்டில் ஒரு பாத்திரத்தைத் தேடினால் அது தோட்டத்தில் இருந்தது. ஒருநாள் மகன் டிப்போவிலிருந்து வரும்போது அப்பா கேட்டாரென்று ஒரு மூட்டை உரம் வாங்கி வந்தான். அவள் வாசலிலேயே மறித்தாள்.

"எதுக்கு இது?"

"வாங்கிட்டு வரச் சொன்னார்."

"நீங்க வாங்கிட்டு வந்துட்டீங்க."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு? அவர் கேட்டா வாங்கணும், நீ கேட்டா திருப்பிக் கொடுக்கணும். எனக்கு ரெண்டு பக்கமும் பல்லு போன கியர் மாதிரி இருக்கு."

மூட்டை பிரிக்காமல் வராந்தாவில் கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த வீட்டுத் தையல்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். "என்னடி, உங்க மாமனார் மேரிக்குக் கிராப் வெட்டிவிட்டாராமே? எனக்கும் வெட்டச் சொல்லேன், சலூனுக்கு அலைய வேண்டாம்."

"நீ ஒருத்திதான் பாக்கி. வா, வரிசைல நில்லு."

"நான் வரமாட்டேம்மா. எனக்குத் திரும்ப முளைக்கணும்."

சொல்லிவிட்டுத் தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த கட்டைக்கு நகர்ந்தார்.

ஓட்டல் தலைமைச் சமையல்காரர் போன் செய்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

"என்னம்மா, ரெண்டு தடவையா சரக்கு வரல?"

"செடியை வெட்டிட்டோம் மாஸ்டர்."

"வெட்டித்தானே கொடுக்கணும்?"

"அடியோட வெட்டியாச்சு."

"யாரு? வீட்டுல சண்டையா?"

"இல்ல மாஸ்டர். உதவி."

பிறகு மாஸ்டர், "வேற ஆள்கிட்ட சொல்லிட்டேன்மா, கோவிச்சுக்காதே," என்றார். வைப்பதற்கு முன், "நறுக்குற மேசைல ஆள் நிக்க மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அனுப்பு," என்றார். யாரைச் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவளுக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. எப்போதும் ஈரமான தரை. சன்னல் இல்லாத சுவர். வெங்காயத்தில் ஊறி வெளுத்துப்போகும் விரல் நுனிகள். அவசரம், அவசரம் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அங்கிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாலைந்து காம்பால் அவள் வெளியே வந்திருந்தாள். இப்போது அந்த மேசைக்கும் அவளுக்கும் நடுவில் கட்டைகள் மட்டும் நின்றன.

அவற்றில் பச்சை இலை இருந்தது மூன்றே மூன்றில். கிடங்குச் சுவரின் நிழலில் எப்போதும் சோகை பிடித்து வளர்ந்தவை. அந்த மூன்றில் மட்டும் செடிக்கு ஒரு கிளையை அவர் வெட்டாமல் விட்டிருந்தார். இவ்வளவு நாளும் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் அதைக் கேட்டதில்லை.

"இதை ஏன் மாமா விட்டீங்க?"

"அதுங்க நோஞ்சான். ஒரே வெட்டுல தாங்காது. மூச்சு விட ஒரு கிளை விடணும். மூச்சுக்கிளைன்னு சொல்லுவோம். மத்ததெல்லாம் நல்ல பலமான செடி, தாங்கும்னு முழுசா எடுத்தேன்."

பலமான செடிகளை அவள் ஒருமுறை பார்த்தாள். நோஞ்சான்கள் மூன்றும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சிரிப்பு வரும்போல இருந்தது. வந்தால் எங்கே போய் முடியுமோ என்று உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் வெயில் தணிந்து மேகம் கட்டியது. தேயிலையாக இருந்தால் எப்போதோ துளிர் வந்திருக்க வேண்டும் என்பது மாமனாருக்குத்தான் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. டீத்தூளைப் பற்றிப் பேசுவதும் நின்றிருந்தது. கொடுத்ததைக் குடித்தார். மருமகள் அதைக் கவனித்தாள். மூன்று பேரும் சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தமும் அதிகம் என்பதுபோல் மகன் மெதுவாக மென்றான்.

ஒரு நாள் காலை துணி உலர்த்த வெளியே வந்தவள், மாமனார் சுவரோரம் குனிந்திருப்பதைப் பார்த்தாள். இடது கையில் நோஞ்சான் செடியின் ஒற்றைக் கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். வலது கையில் கத்தி.

"மாமா!"

"இதை எடுத்தாகணும்மா," என்றார் திரும்பாமல். "தோட்டத்துல இத்தனை நாள் விடமாட்டோம். சத்து பூரா இதுவே இழுத்துக்குது. இதை எடுத்துட்டா கட்டை வேற வழியில்லாம..."

"கத்தியைக் கீழ போடுங்க."

"கேளு, நான் சொல்றதை..."

"போடுங்கன்னு சொல்றேன்ல!" ஈரத்துணி கையிலிருந்து மண்ணில் விழுந்தது. "நீங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு. உயிர் இருக்கு, உயிர் இருக்குன்னு ஒவ்வொரு நாளும் சுரண்டுறீங்க. எது வந்துச்சு? ஒரு இலை வந்துச்சா? நான் நாலு வருஷம் வளத்தது மாமா. உங்களை யார் வெட்டச் சொன்னது? யாராவது கேட்டமா?"

தையல்காரியின் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

மாமனார் கிளையை விட்டார். அது துள்ளி நிமிர்ந்தது. அவர் கத்தியை மண்ணில் வைத்தார், எறியவில்லை. பிறகு ஒரு குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டார்:

"வேற என்னம்மா எனக்குத் தெரியும்?"

அவள் விழுந்த துணியை எடுத்து, அதை மறுபடி அலசக் குழாயடிக்குப் போனாள். அலசினதையே அலசிக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. விஷயம் தெரிந்து மகன் டிப்போவிலிருந்து வந்தவுடன் கத்தினான், யாரைப் பார்த்து என்று இல்லாமல். "ஒரு செடிக்காக! ஒரு செடிக்காக இந்த வீட்டுல ஆளாளுக்கு..." என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல், வராந்தாவில் கிடந்த உர மூட்டையை உதைத்தான். கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"ஒரு செடி இல்ல," என்றாள் அவள். "திங்கட்கிழமையிலிருந்து நான் நறுக்கப் போறேன். மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மேசை மாறவில்லை. தரை அதே ஈரம். அவள் நின்றிருந்த இடத்தில் வேறு ஒருத்தி நின்று விலகிப் போயிருந்தாள். போனவளுடைய கத்திக்கு உறைபோட்ட பழைய துணி ஆணியில் தொங்கியது. ரோஸ்மேரி இப்போது மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வேறு எங்கிருந்தோ வந்தது. மாஸ்டர் ஒரு பெட்டியை அவள் பக்கம் தள்ளி, "இலையை உருவிக் கொடும்மா," என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் தள்ளினார். அவள் உருவினாள். அவளுடைய செடியைவிட இலை மெலிவு, பிசின் குறைவு. அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்த வாரக் கடைசியில், வேலை முடிந்து பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தவள் அப்படியே நின்றாள். மழை பெய்து மண் இளகியிருந்தது. மாமனார் முழங்கால்வரை சேறாக நின்றார். கட்டைகளையெல்லாம் தோண்டி எடுத்திருந்தார். சுவரோரத்து மூன்றைத் தவிர. எடுத்தவற்றைப் பெரிது, சிறிது என்று பிரித்து அடுக்கியிருந்தார். குழிகளும் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருந்தன. கெடுத்ததிலும் ஒழுங்கு, களைந்ததிலும் ஒழுங்கு. அவளுக்கு அதைப் பார்க்க எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சொல்லியிருந்தா மூணு பேருமா சேர்ந்து எடுத்திருக்கலாமே மாமா."

"நீதான் அப்பவே சொன்னியே. நான் கேக்கல."

அவர் ஒரு கட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிடித்தார். மண் உதிர்ந்தது. வேர் கொத்துக் கொத்தாக, வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அழுகல் இல்லை.

"பாரு," என்றார். "எல்லாத்துலயும் இப்படித்தான். நான் பொய் சொல்லலம்மா. உயிரோடத்தான் இருந்துச்சு. ஆனா வரமாட்டேங்குது. உயிரை வச்சுக்கிட்டு ஏன் வரமாட்டேங்குது?"

அவளுக்கும் தெரியவில்லை. அது அப்படிப்பட்ட செடி என்றுதான் தெரியும். வேரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் இனி வராது என்றாள், அவர் சாகவில்லை என்றார். இருவர் சொன்னதும் சரி. சரியாக இருந்து யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. கட்டையை மற்றவற்றோடு அடுக்கிவிட்டு, "கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையில் தட்டுகளில் மணலைப் பரப்பி நனைத்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். மூன்று கிளைகளிலிருந்தும் இளம் நுனிகளை விரல் நீளத்துக்கு வெட்டினாள். அடி இலைகளை உருவி, ஒவ்வொன்றாக மணலில் குத்தினாள். எல்லாம் சேர்ந்து ஒரு தட்டுகூட நிறையாது போலிருந்தது. அதில் வேர் பிடிப்பது பாதி இருந்தால் அதிர்ஷ்டம்.

மாமனார் வந்து நின்றார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வெட்டுற அளவுக்கு வர எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருஷம் ஆகும் மாமா. கூடவும் ஆகலாம்."

"அதுவரைக்கும் நீ அங்க நறுக்கணும்."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். "நான் என்ன செய்யட்டும்?"

அவள் யோசித்தாள். மணல் சலிக்கலாம். சலித்தால் மாவு மாதிரி சலித்துவிடுவார், தண்ணீர் இறங்காது. இலை உருவலாம். உருவினால் ஒன்று விடாமல் உருவிவிடுவார். தண்ணீரை நினைக்கவே வேண்டாம். அவருடைய கைகளைப் பார்த்தாள். எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்தக் கைகள் அதை அளவுக்கு மேல் நன்றாகச் செய்துவிடும் என்று தோன்றியது.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா. உக்காருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் எங்கே உட்காருவது என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு குழியின் விளிம்பில் கால்களை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் இலை உருவினாள். பிசின் விரல்களில் ஒட்டியது. பக்கத்து வீட்டு மிஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் இருக்கு மாமா."

அவர் பக்கத்தில், நேற்றைய மழைக்கு ஒரு புல் தலைகாட்டியிருந்தது. அவருடைய வலது கை அதை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.